எஸ்க்யூலைட் ஃபைலை வேற மெஷினுக்கு மாத்தறீங்களா? வாலை மறந்துடாதீங்க

எஸ்க்யூலைட்ல (மொத்த டேட்டாபேஸையும் ஒரே ஃபைல்ல வெக்கிற சாஃப்ட்வேர்) ஒரு பெரிய சௌகரியம், விண்டோஸ்ல உருவாக்கின ஃபைலை அப்படியே லினக்ஸ், மேக், ஆண்ட்ராய்டு எதுல வேணா திறக்கலாம், 32 பிட் 64 பிட் பிரச்சனையும் இல்ல, 2004ல 3ஆம் வெர்ஷன் வந்தப்ப எழுதின ஃபைலை இன்னைக்கும் படிக்கும். இதை நம்பி ஒரு கடையோட பில்லிங் டேட்டாபேஸை பென்டிரைவ்ல இழுத்துப் போட்டுட்டு போய், காலைல போட்ட பில் ஒண்ணுமே இல்லாம திருதிருன்னு முழிச்சவன் நான்.

காரணம் வால். டபிள்யூ ஏ எல் (ரைட் அஹெட் லாக்) மோடுல டேட்டாபேஸ் இருந்தா புதுசா எழுதறது நேரா மெயின் ஃபைலுக்கு போகாது, பக்கத்துல அதே பேர்ல கடைசியில "வால்"னு ஒட்டிக்கிட்டு ஒரு ஃபைல் நிக்கும்ல, அதுல உக்காந்திருக்கும், செக்பாயின்ட் (அங்க இருக்கிறதை மெயின்ல சேர்க்கிற வேலை) ஆனாத்தான் மெயினுக்கு வரும். பேர் பொருத்தம் பாருங்க, வாலேதான். அதனால ஆப் ஓடிட்டு இருக்கும்போது காப்பி பண்ணாதீங்க, எஸ்க்யூலைட் ஷெல்லுக்குள்ள (கமாண்ட் டைப் பண்ற ப்ரோக்ராம்) போய் டாட் பேக்கப் கமாண்டை போடுங்க, இல்லன்னா வேக்யூம் இன்டூ (வெர்ஷன் 3.27லேர்ந்து இருக்கு). காப்பிதான் பண்ணணும்னா ஆப்பை ஒழுங்கா மூடுங்க, கடைசி கனெக்ஷன் மூடினதும் வால் தானா போயிடும். அப்பவும் நின்னுச்சுன்னா டெலீட் பண்ணிடாதீங்க சாமி, சேர்த்தே எடுத்துட்டு போங்க.

அடுத்தது வெர்ஷன். பழைய ஃபைலை புது வெர்ஷன்ல திறக்கறதுல சிக்கல் இல்ல, தலைகீழா போனாத்தான் வம்பு. டேபிள்ல ஸ்ட்ரிக்ட்னு (டேட்டா டைப்பை கறாரா பாக்கச் சொல்ற வார்த்தை) போட்டிருந்தா 3.37க்கு (2021) முந்தினது ஸ்கீமா மால்ஃபார்ம்டுன்னு (டேபிள் அமைப்பு சரியில்லன்னு) கத்தும், ஜெனரேட்டட் காலம்னு, மத்த நெடுவரிசைகள்லேர்ந்து தானா கணக்காகிற நெடுவரிசை இருந்தா 3.31 வேணும். ஃபைல் கெட்டுப்போச்சுன்னு பதறாதீங்க, அது நல்லாத்தான் இருக்கு. புது மெஷின்ல டாட் டம்ப் (மொத்த டேட்டாபேஸையும் எஸ்க்யூஎல் கமாண்டுகளா எழுதின டெக்ஸ்ட்) எடுத்து, அந்த ஸ்ட்ரிக்ட் வார்த்தையை மட்டும் அழிச்சிட்டு, பழசுல டாட் ரீட் பண்ணிக்கலாம். இன்னொண்ணு, பைத்தானோட வர்ற எஸ்க்யூலைட்டும் கமாண்ட் லைன்ல இருக்கிறதும் வேற வேற வெர்ஷனா இருக்கலாம், ரெண்டுலயும் செக் பண்ணுங்க.

டம்ப்ல தமிழ் பேரு முகவரி இருந்தா விண்டோஸ் பவர்ஷெல் 5.1ல அம்புக்குறி (>) போட்டு ஃபைலுக்கு தள்ளாதீங்க, எழுத்தெல்லாம் குப்பையாயிடும். ஷெல்லுக்குள்ளயே டாட் அவுட்புட்னு ஃபைல் பேர் குடுத்துட்டு டம்ப் எடுங்க, யூடிஎஃப் 8லயே வரும்.

முடிச்சதும் ரெண்டு பக்கமும் ஒவ்வொரு டேபிள்லயும் எத்தனை வரி இருக்குன்னு எண்ணிப் பாருங்க. இன்டெக்ரிட்டி செக் (ஃபைல் கெட்டிருக்கான்னு பாக்கிற கமாண்ட்) மட்டும் பத்தாது, எனக்கும் அன்னைக்கு அது ஓகேன்னுதான் சொல்லுச்சு.