சாட்ஸ்வொர்த் தோட்டத்துக்குக் குடும்பத்தோடு போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

இங்கிலாந்தின் டெர்பிஷயரில், பேக்வெல் என்ற சின்ன ஊருக்குப் பக்கத்தில், டெர்வென்ட் ஆற்றங்கரையில் இருக்கிறது சாட்ஸ்வொர்த் மாளிகை. 1549 முதல் கேவெண்டிஷ் குடும்பத்தின் இடம் அது. மாளிகையை ஒட்டி 105 ஏக்கர் தோட்டம், அதற்கு வெளியே ஆடும் மானும் மேயும் 1,000 ஏக்கர் புல்வெளி. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கும்போது பிள்ளைகளையும் சேர்த்து ஒருநாள் கூட்டிப்போக இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. ஆனால் முதல் தடவை போனபோது அந்த நாளைச் சரியாகப் பயன்படுத்தத் தெரியாமல் களைத்துத் திரும்பினோம்.

காலையில் நேராக மாளிகைக்குள் நுழைந்ததுதான் நாங்கள் செய்த பெரிய தவறு. டிக்கெட்டுக்குக் கொடுத்த காசு வீணாகக் கூடாது என்று அறை அறையாகப் பார்ப்போம். பிள்ளைகளிடம் "தொடாதே, ஓடாதே" என்று சொல்லியே இரண்டு மணி நேரம் போய்விடும். வெளியே வரும்போது குழந்தைக்குப் பசி, பாட்டிக்குக் கால் வலி, வானத்தில் மேகம். தோட்டம் அன்றைக்கு மிச்சமாகக் கிடைத்த நேரத்துக்குத்தான். பத்து வயதுக்குக் கீழே பிள்ளைகள் இருந்தால் தோட்டத்துக்கு மட்டும் டிக்கெட் எடுங்கள். மாளிகையை இன்னொரு நாள் பெரியவர்கள் மட்டும் போய் நிதானமாகப் பார்க்கலாம்.

டிக்கெட் பற்றி ஒரு விஷயம். பழைய மாளிகைகளையும் தோட்டங்களையும் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் உறுப்பினர் அட்டை வைத்திருப்பவர்கள் அதைக் காட்டி உள்ளே போய்விடலாம் என்று நினைத்துக் கிளம்புகிறார்கள். சாட்ஸ்வொர்த்தை நடத்துவது தனி அறக்கட்டளை, அந்த அட்டை இங்கே செல்லாது. அட்டையைப் பயன்படுத்த வேண்டுமென்றால் அதே மாவட்டத்தில் இருக்கும் ஹார்ட்விக் ஹாலுக்குப் போகலாம். குளிர்காலக் கடைசியில் சில வாரங்கள் தோட்டமே மூடியிருக்கும், அதனால் தேதியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

அடுத்து, தண்ணீரின் கதை தெரியாமல் தண்ணீரைப் பார்ப்பது. மாளிகைக்குத் தெற்கே நீளமான குளத்தில் எம்பரர் நீரூற்று இருக்கிறது. 1844-இல் ரஷ்யச் சக்கரவர்த்தி முதலாம் நிக்கோலாஸ் வருவார் என்று எதிர்பார்த்து, தலைமைத் தோட்டக்காரர் ஜோசப் பாக்ஸ்டன் ஆறே மாதத்தில் இதைக் கட்டி முடித்தார். இரவிலும் தீப்பந்த வெளிச்சத்தில் வேலை நடந்தது. சக்கரவர்த்தி கடைசிவரை வரவே இல்லை. இதில் மோட்டார் கிடையாது, பம்பு கிடையாது. குன்றின் மேலே ஏரி வெட்டி, அங்கிருந்து குழாயில் இறங்கும் தண்ணீரின் அழுத்தத்திலேயே ஊற்று எழும்புகிறது. சுமார் 90 மீட்டர்வரை எழும்பியிருக்கிறது. மொட்டைமாடித் தொட்டியிலிருந்து குளியலறைக் குழாய்க்குத் தண்ணீர் வருவதும் இதே முறைதான் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள், சட்டென்று புரிந்துகொள்வார்கள்.

எந்த நேரம் போனாலும் அது முழு உயரத்தில் அடிக்கும் என்று எண்ணாதீர்கள். காற்று பலமாக இருந்தால் குறைத்துவிடுவார்கள். மழையில்லாத கோடையில் மேலே ஏரியில் தண்ணீர் குறைந்தால் இங்கேயும் குறையும். நுழைந்ததும் அங்கே இருப்பவர்களிடம் இன்றைக்கு எவை எப்போது ஓடும் என்று கேட்டுவிட்டு நடக்கும் வழியை முடிவு செய்யுங்கள். குன்றுச் சரிவில் 24 படிக்கட்டு வரிசைகளாக இறங்கும் பழைய நீர்ப்படிகளுக்கும் இது பொருந்தும். பழுதுபார்க்கும் வேலைக்காக அதில் தண்ணீர் நிறுத்தப்பட்ட காலமும் உண்டு. ஓடும்போது பார்க்கக் கொடுத்து வைத்தால் கண்ணை மூடிக் கேளுங்கள். படிகள் ஒன்றுபோல் செதுக்கப்படவில்லை, அதனால் இடத்துக்கு இடம் சத்தம் மாறும்.

உலோகத்தில் செய்த வில்லோ மரம் ஒன்று பாறைகளுக்கு நடுவே நிற்கும். பக்கத்தில் போனால்தான் கிளையெல்லாம் தண்ணீர் சொட்டுவது தெரியும். 1832-இல் இங்கே வந்த விக்டோரியாவுக்கு அப்போது 13 வயது. அரசியாகும் முன்னால் அந்தப் பெண்ணுக்கு இந்த மரம் மிகவும் பிடித்துப் போனதாம். உங்கள் வீட்டுப் பெண்ணுக்கும் பிடிக்கும், மாற்றுடை ஒன்று கையில் இருக்கட்டும்.

இப்போது புதிர்ப்பாதை. யூ என்ற பச்சை மாறாத ஊசியிலை மரங்கள் 1,209-ஐ 1962-இல் நட்டு உருவாக்கியது. எல்லாரும் ஓடிப்போய் உள்ளே நுழைந்து, வழி கண்டுபிடித்து, வெளியே வந்துவிடுகிறார்கள். அந்த இடம் எதன் மேல் நிற்கிறது என்று நின்று பார்ப்பவர்கள் குறைவு. பாக்ஸ்டன் கட்டிய மாபெரும் கண்ணாடி வீடு இங்கேதான் இருந்தது. நீளம் 84 மீட்டர், உள்ளே குதிரை வண்டி ஓட்டிப் போகும் அளவு அகலம். பூமிக்கு அடியில் கொதிகலன்கள் வைத்து உள்ளே சூடாக்கினார்கள். முதல் உலகப் போரில் சூடாக்க வழியில்லாமல் செடிகள் பட்டுப்போயின. 1920-இல் வெடி வைத்துத் தகர்த்தார்கள்.

இன்னொரு கதை நம் ஊர்வரை வருகிறது. மொரிஷியஸ் வழியாக வந்த ஒரு குட்டை வாழையை வாங்கி, பாக்ஸ்டன் இங்கே கண்ணாடிக் கூரைக்குள் வளர்த்தார். 1835-இல் அது பூத்தது. முதலாளியின் குடும்பப் பெயரையே வாழைக்கு வைத்தார், அதுதான் கேவெண்டிஷ் வாழை. நாம் மோரிஸ் என்று சொல்வதும், தேனிப் பக்கம் காடு காடாகப் போட்டிருக்கும் ஜி-9 வாழையும் இந்த இனம்தான். என் மாமனார் பல வருஷம் ஜி-9 போட்டவர். புதிர்ப்பாதை வாசலில் இதைச் சொன்னதும், "இந்தக் குளிர்லயா தார் தள்ளுச்சு?" என்று கேட்டுவிட்டு, குனிந்து மண்ணைக் கிள்ளி விரலால் நசுக்கிப் பார்த்தார். அதுவரை ஊர் நினைப்பிலேயே நடந்துகொண்டிருந்தவர், அப்புறம் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு தானே முன்னால் நடந்தார். பெரியவர்களை வெறும் போட்டோவுக்கு நிறுத்திவைக்காமல், அவர்கள் கை பழகிய விஷயம் ஒன்றைக் காட்டுங்கள்.

அதே யூ மரத்தில் ஆபத்தும் இருக்கிறது. இலையுதிர் காலத்தில் சின்னச் சின்னச் சிவப்புப் பழம் பழுக்கும், பார்க்க இலந்தைப்பழம் மாதிரி ஆசையாக இருக்கும். சிவப்புச் சதையைத் தவிர விதை, இலை எல்லாமே கொடிய விஷம். சின்னக் குழந்தையை உள்ளே தனியாக ஓட விடாதீர்கள், வாயில் எதையும் வைக்கக் கூடாது என்று முன்பே சொல்லிவிடுங்கள். தெரியாமல் தின்றுவிட்டால் காத்திருந்து பார்க்காமல் உடனே மருத்துவ உதவிக்குக் கூப்பிடுங்கள்.

வெளியே புல்வெளியில் மானைப் பார்த்ததும் போட்டோவுக்காகக் கிட்டே போகாதீர்கள். ஜூன் மாதம் குட்டி போடும் காலம், அக்டோபர் இணைசேரும் காலம். இரண்டிலும் மான் முட்ட வரலாம், குறைந்தது 50 மீட்டர் தள்ளியே நில்லுங்கள். உயரமான புல்லில் உட்கார்ந்து எழுந்தால் வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகளின் கால் இடுக்கு, காது மடல், தலைமுடி ஓரம் எல்லாம் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள்.

தோட்டம் சமதளம் என்று நினைத்து அம்மாவுக்குச் சேலையும் மெல்லிய செருப்புமாகக் கிளம்ப வேண்டாம். மாளிகையிலிருந்து கிழக்கே எல்லாம் ஏற்றம்தான். ஸ்ட்ரோலர் சரளைக் கல்லில் உருளாமல் இழுக்கும். படியில்லாத வழி எது என்று உள்ளே போகும்போதே கேளுங்கள். தெம்பாக இருக்கும் காலை நேரத்தில் ஏறிவிட்டு, சாப்பாட்டுக்கு அப்புறம் இறக்கத்தில் நடப்பது நல்லது.

சாப்பாடு கட்டிக்கொண்டு போவதே மேல். புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் இந்தக் குளிரில் மாலைவரை கெடாது. வெறும் ஜமுக்காளம் மட்டும் போதாது, புல் எப்போதும் ஈரம், ஆட்டுப் புழுக்கையும் கிடக்கும். அடியில் பிளாஸ்டிக் விரிப்பு ஒன்று வேண்டும். மிச்சம் மீதியை ஆட்டுக்கோ வாத்துக்கோ போடாமல் மூட்டை கட்டி எடுத்து வந்துவிடுங்கள்.

கடைசியாக, தோட்டம் முடிந்ததும் காருக்குத் திரும்பிவிடாதீர்கள். ஆற்றுப் பாலத்தைத் தாண்டிப் புல்வெளி வழியே நடந்தால் எதென்சர் கிராமம். எழுத்து அப்படி, ஆனால் ஊர்க்காரர்கள் 'என்சர்' என்றுதான் சொல்கிறார்கள். இதைப் பார்க்கக் காசு கிடையாது. அந்தச் சரிவும் மரக்கூட்டமும் இயற்கையாக வந்தவை போல இருக்கும். 1760-களில் கேபபிலிட்டி பிரவுன் என்ற தோட்டக் கலைஞர் ஆட்களை வைத்து மண்ணை வெட்டிக் கொட்டி அமைத்தது அது. தேவாலயத்துக் கல்லறைத் தோட்டத்தின் மேல்பகுதியில் பாக்ஸ்டன் அடக்கமாகியிருக்கிறார். 22 வயதில் இங்கே வேலைக்கு வந்தவர். மாமனார் அந்தக் கல்லைச் சுற்றி வந்து, "தோட்டக்காரருக்கா இது?" என்று இரண்டு முறை கேட்டார். அங்கே போவதும் ஏற்றம்தான், வெளிச்சம் இருக்கும்போதே போய்விடுங்கள். வழியில் திறக்கும் வேலிக் கதவுகளை மறக்காமல் சாத்திவிட்டு வாருங்கள், ஆடுகள் வெளியே போய்விடும்.