ஏழு நாள் முகாமில் தவிர்க்க வேண்டியவை

ஏழு நாள் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் தங்கி வேலை செய்யும் நாட்டு நலப்பணித் திட்டச் (என்.எஸ்.எஸ்.) சிறப்பு முகாமுக்குக் கல்லூரி மாணவர்களை அழைத்துப் போவது என் வேலைகளில் ஒன்று. மாணவனாக நானும் இதே போன்ற பள்ளிக்கூடத் தரைகளில் படுத்து எழுந்தவன்தான். எங்கள் அணி அன்று செய்த கோளாறுகளை ஒவ்வோர் ஆண்டும் புது முகங்கள் அப்படியே செய்கின்றன. போர்வையை மறப்பது, கொசுவர்த்தி வாங்காமல் வருவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவற்றை முதல் இரவே கற்றுக்கொடுத்துவிடும்.

நண்பர்களை ஒரே வேலைக்குழுவில் போடுவது

விடுதியில் ஓர் அறையில் இருக்கும் நால்வர் வந்து, “எங்களை ஒன்றாகவே போடுங்கள் சார்” என்பார்கள். போடாதீர்கள். அந்த நால்வரில் ஒருவன் வாய்க்கால் வேலைக்கு வராமல் வகுப்பறையில் தூங்கினால், மற்ற மூவரும் அவனுக்கு வயிற்றுவலி என்று சாதிப்பார்கள். அவனுடைய பங்கு மண்ணையும் சேர்த்து வெட்டிவிட்டு மூன்றாம் நாள் அவனோடு பேசுவதை நிறுத்திவிடுவார்கள். முகாமில் நான் பார்த்த பெரிய சண்டைகளெல்லாம் நெருங்கிய நண்பர்களுக்குள் வந்தவைதான்.

வேலைக்குழுக்களைக் கலைத்துப் போடுங்கள். படுக்கும் இடத்தை மட்டும் அவர்கள் விருப்பத்துக்கு விட்டுவிடுங்கள். கை கொப்பளித்த இரவில் என்னைத் திட்டுவதற்காவது அவர்களுக்குப் பழகிய ஆள் பக்கத்தில் வேண்டும்.

சமைக்கத் தெரிந்தவர்களே சமைக்கட்டும் என்று விடுவது

அப்படி விட்டால் மூன்று மாணவிகள் ஏழு நாளும் புகைக்குள்ளேயே நிற்பார்கள். ஊரைப் பார்க்காமலே சான்றிதழ் வாங்கிப் போவார்கள். நாளுக்கு ஒரு குழு என்று முறை வையுங்கள். காய் நறுக்குவதும் அண்டா தேய்ப்பதும் அதே குழுவின் பொறுப்பு. அரிசியை வீட்டுக் கணக்கில் போடாதீர்கள். மண்வெட்டி பிடித்து வருகிறவர்களுக்கு மதியம் ஆளுக்கு 150 கிராமாவது வேண்டும். 50 பேருக்கு ஏழரைக் கிலோ.

கழிப்பறை

எத்தனை இருக்கின்றன, எத்தனையில் தண்ணீர் வருகிறது என்பதை இடம் முடிவு செய்யும் முன் நேரில் போய்ப் பாருங்கள்.

கணக்கெடுப்பு என்ற பெயரில் நம்பிக்கை கொடுப்பது

எனக்கு இன்றும் ஆத்திரம் தீராத தவறு இது. பல முகாம்களில் ஒரு நாள் சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பு நடக்கும். வீட்டில் எத்தனை பேர், வருமானம் என்ன, கடன் உண்டா, கழிப்பறை உண்டா என்று நான்கு பக்கக் கேள்வித்தாளோடு மாணவர்கள் வீடு வீடாகப் போவார்கள். கையில் அட்டை, கழுத்தில் அடையாள அட்டை, சட்டையில் திட்டத்தின் சின்னமான கோனார்க் சக்கரம் பொறித்த பேட்ஜ். வாசலில் நிற்கிறவருக்கு அரசாங்கமே படியேறி வந்ததாகத்தான் தோன்றும். கடைசிக் கேள்வி, “உங்கள் தேவைகள் என்ன?” அதுவரை ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னவர்கள் அப்போது உள்ளே போய்த் தகரப்பெட்டியைத் திறப்பார்கள்.

ஓர் ஊரில் ஒரு பாட்டி முதியோர் உதவித்தொகைக்கு எழுதிப்போட்டு நிராகரிக்கப்பட்ட தாளை எடுத்து வந்து எங்கள் மாணவன் ஒருவனிடம் கொடுத்தார். நல்ல பையன். மனம் இளகி, “சொல்லி வாங்கித் தருகிறோம் பாட்டி” என்று அசல் தாளையே வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டான். கோப்பு கல்லூரிக்கு வந்தது, அறிக்கை எழுதப்பட்டது, பீரோ பூட்டப்பட்டது.

மறு ஆண்டு அதே ஊருக்குப் போனபோது அவர் பள்ளிக்கூட வாசலிலேயே காத்திருந்தார். “அந்தத் தம்பி வரவில்லையா? என் காகிதம் என்ன ஆயிற்று?” இடையில் அவர் மறுபடி விண்ணப்பிக்கவே இல்லை. பிள்ளைகள் கொண்டுபோயிருக்கிறார்களே என்று இருந்துவிட்டார். 2023இல் மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்ட தொகை அது, ஆண்டுக்கு 14,400. கட்டாயம் கிடைத்திருக்கும் என்று சொல்ல முடியாதுதான். கேட்டாவது பார்த்திருப்பார், அதையும் நாங்கள் கெடுத்தோம்.

திரும்பி வந்து பீரோவைத் திறந்து தாளைத் தேடி எடுத்தோம். ஆதாரில் அவர் வயது 60க்குக் கீழே பதிவாகியிருக்கிறது, அதைத் திருத்தி மீண்டும் விண்ணப்பிக்கலாம் என்று அதிலேயே எழுதியிருந்தது. பாட்டிக்குப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரிந்த 50 பேரில் ஒருவரும் அதைப் படிக்கவில்லை.

“மாணவர்கள் கற்றுக்கொள்கிற வயதுதானே” என்று இதற்குச் சமாதானம் சொல்கிறவர்கள் உண்டு. கற்றுக்கொள்வதற்கு ஒரு கிழவியின் ஓராண்டுதானா கிடைத்தது?

ஆகவே, யார் வீட்டிலிருந்தும் எந்தத் தாளையும் எடுத்து வராதீர்கள். கைப்பேசியில் ஆதாரைப் படம் பிடித்துக்கொள்ளவும் வேண்டாம். கல்லூரியிலிருந்து வருகிறோம், அரசாங்கம் இல்லை, எதையும் வாங்கித்தர எங்களால் முடியாது என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். பிறகு அந்தத் தாளை அங்கேயே உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள். மறுநாள் இருவர் துணைக்குப் போய் இ-சேவை மையத்தில் உட்காரவைத்து, கிராம நிர்வாக அலுவலர் விசாரணைக்கு வரும்போது எதைக் காட்ட வேண்டும் என்று விளக்கிவிட்டு வாருங்கள். அரை நாள் போய்விடும். போகட்டும். அறிக்கையில் சேரும் நூறு படிவங்களைவிட அந்த அரை நாள் பெரிது.

கேள்வித்தாளையும் வெட்டுங்கள். விடையை வைத்து நீங்கள் எதுவும் செய்யப்போவதில்லை என்றால் அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள். அடுத்தவர் கடனைத் தெரிந்துகொண்டு உங்களுக்கு என்ன ஆகப்போகிறது? மிஞ்சிய விடைகளைப் பெயர்கள் இல்லாமல் தொகுத்துக் கடைசி மாலை ஊரார் முன் படியுங்கள். ஒரு படியை ஊராட்சித் தலைவரிடம் கொடுங்கள். முகாம் டிசம்பரில் என்றால் ஜனவரி 26 கிராம சபை பக்கத்திலேயே வருகிறது. மார்ச்சில் 22ஆம் தேதி இன்னொன்று. அங்கே எழுந்து பேச வேண்டியவர் அந்த ஊர்க்காரர். யார் பேசப்போகிறார் என்பதைப் பெட்டி கட்டும் முன்பே கேட்டு வையுங்கள்.

மார்ச்சில் மரக்கன்று நடுவது

ஆட்டுக்குத் தீனி. வடகிழக்குப் பருவமழையோடு நடுங்கள். தண்ணீர் ஊற்றப்போகிறவர் பெயர் தெரியாமல் குழியே தோண்டாதீர்கள்.

மது ஒழிப்பு நாடகம்

கதையை முதலில் ஊரில் ஒருவருக்குச் சொல்லிக் காட்டுங்கள். நீங்கள் கற்பனையாக வைத்த குடிகாரப் பாத்திரத்தின் பெயரும் தொழிலும் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கு அச்சாகப் பொருந்திவிடும். அவருடைய மகள் அதே பள்ளியில் படிப்பாள். திங்கட்கிழமை வகுப்புக்குப் போகவேண்டியவள் அவள், நீங்கள் அல்ல.

செலவுக் கணக்கு

அன்றன்று இரவே எழுதுங்கள், இருவர் கையெழுத்தோடு.

கடைசி நாள்

எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் கோயிலில் இரவல் வாங்கிய அண்டாவும் கரண்டிகளும் காணாமல் போகும். வாங்கும்போதே பட்டியல் எழுதுங்கள். தேய்த்து, எண்ணி, கொடுத்தவரிடமே ஒப்படைத்துவிட்டு பஸ்ஸில் ஏறுங்கள். கரும்பலகையில் எழுதிய வாழ்த்துகளையும் அழித்துவிடுங்கள்; மறுநாள் காலை அங்கே பாடம் நடக்கும்.