இணையமில்லாத டெபியன் கணினியைப் புதுப்பிப்பது எப்படி?

வேறு கணினியில் ஒரு டெப் கோப்பை (டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் மென்பொருளை நிறுவும் கோப்பு) இறக்கி, பென்டிரைவில் கொண்டுவந்து நிறுவிப் பார்த்திருப்பீர்கள். லிப்சி6 என்ற அடிப்படை நிரலகம் குறைந்தது 2.34 பதிப்பாவது வேண்டும், இருப்பது 2.31 என்று பிழை வந்து நின்றிருக்கும். 2.31 என்பது டெபியன் 11-இன் லிப்சி6. நீங்கள் இறக்கிய கோப்பு அதைவிடப் புதிய பதிப்புக்காகக் கட்டப்பட்டது. லிப்சி6-ஐ மட்டும் தனியே மாற்றிவிடலாம் என்று தயவுசெய்து இறங்காதீர்கள். ஏறக்குறைய எல்லா நிரலும் அதை நம்பித்தான் ஓடுகிறது.

எந்தப் பொதி (நிறுவும் மென்பொருள் தொகுப்பு) வேண்டும் என்று நாம் ஊகிக்க வேண்டாம். அந்தக் கணினியே பட்டியல் எழுதித் தரும். அதற்கான கருவி ஆப்ட்-ஆஃப்லைன். உங்கள் டெபியன் பதிப்புக்கு உரிய களஞ்சியத்திலிருந்தே (பொதிகளைச் சேமித்து வைத்திருக்கும் இணைய இடம்) அதை எடுத்து நிறுவுங்கள்; அது கேட்கும் சார்புகளும் (அது ஓடத் தேவையான மற்றப் பொதிகள்) அங்கிருந்தே வரட்டும்.

கட்டளைகளை ஆங்கில எழுத்தில், முன்னால் சூடோ (நிர்வாகி உரிமை தரும் சொல்) சேர்த்துத் தட்டுங்கள்.

முதல் நடை, பொதிப் பட்டியலைப் புதுப்பிக்க: இணையமில்லாத கணினியில் 'ஆப்ட்-ஆஃப்லைன் செட்', பிறகு ஒரு கோப்புப் பெயர், கடைசியில் '--அப்டேட்'. அந்தக் கோப்பை இணையமுள்ள கணினிக்குக் கொண்டுபோய் 'கெட்' கொடுங்கள். '--பண்டில்' சேர்த்தால் எல்லாம் ஒரே ஜிப்பாக வரும். திரும்பி வந்து அந்த ஜிப்புக்கு 'இன்ஸ்டால்'.

இரண்டாம் நடை, புதிய பதிப்புப் பொதிகளைக் கொண்டுவர: அதே மூன்று படிகள், '--அப்டேட்' இருந்த இடத்தில் '--அப்கிரேட்'. இரண்டையும் ஒரே நடையில் முடிக்க ஆசை வரும். ஆனால் பழைய பட்டியலை வைத்துக் கணக்கிட்டால், களஞ்சியத்தில் இப்போது இல்லாத பழைய கோப்புகளைக் கேட்டு இறக்கம் பாதியில் நிற்கும். கடைசியாக 'ஆப்ட்-கெட் அப்கிரேட்'. இது புதிய பொதி எதையும் சேர்க்காது. அதனால் இயங்குதளத்தின் கருவான கெர்னல் ஒதுக்கி வைக்கப்படலாம். அப்போது '--அப்கிரேட்-டைப் டிஸ்ட்-அப்கிரேட்' சேர்த்து இன்னொரு நடை போய், முடிவில் 'ஆப்ட்-கெட் டிஸ்ட்-அப்கிரேட்' கொடுங்கள்.

புது மென்பொருள் வேண்டுமா? 'செட்' உடன் '--இன்ஸ்டால்-பேக்கேஜஸ்' என்று பெயரைக் கொடுங்கள். சார்புகளும் பட்டியலில் சேர்ந்துவிடும்.

ஏற்கெனவே ஏதாவது பாதியில் நிற்கிறதா என்று 'டிபிகேஜி --ஆடிட்' காட்டும். அதைத் தீர்க்க 'டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ' முதலில். தீராவிட்டால் 'ஆப்ட்-கெட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்'. சார்பு கிடைக்காதபோது இது பாதியில் நின்ற பொதியையே நீக்கப் பார்க்கும். ஒய் அழுத்துமுன் நீக்கப்படும் பெயர்களை ஒவ்வொன்றாகப் படியுங்கள். தடைகளை மீறி நிறுவும் '--ஃபோர்ஸ்-ஆல்' பக்கம் போகவே வேண்டாம்.

டெபியன் 11-இலிருந்து 13-க்குப் போகிறவர்கள் 12-இல் ஏறி, அது சரியாக ஓடுகிறது என்று பார்த்த பிறகே அடுத்ததைத் தொடங்குங்கள்.