பக்கம் திறக்கத் தாமதம்: காரணம் ப்ராக்ஸி

எந்தத் தளத்தைத் திறந்தாலும் முதலில் சில நொடி வெள்ளைத் திரை. அப்புறம் மொத்தப் பக்கமும் படபடவென்று வந்துவிடும். ஸ்பீட் டெஸ்ட்டில் குறையில்லை. கேஷை அழித்தேன், எக்ஸ்டென்ஷன்களை அணைத்தேன், டிஎன்எஸ்ஸை (தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை) 1.1.1.1-க்கு மாற்றினேன். அப்படியேதான் இருந்தது.

கடைசியில்தான் ப்ரவுசரின் இடது கீழ் மூலையைக் கவனித்தேன். அந்தச் சில நொடியும் 'ரிசால்விங் ப்ராக்ஸி' என்று சின்ன எழுத்தில் வந்து மறைந்தது. ப்ராக்ஸி என்றால் நம் கம்ப்யூட்டருக்கும் இணையத்துக்கும் நடுவில் நிற்கும் இடைநிலை சர்வர். வீட்டு வைஃபையில் ஏது ப்ராக்ஸி?

விண்டோஸ் 11 செட்டிங்ஸில் 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்', அதற்குள் 'ப்ராக்ஸி'. அங்கே 'ஆட்டோமேட்டிக்கலி டிடெக்ட் செட்டிங்ஸ்' ஆனில் இருந்தது. அது நெட்வொர்க்கில் ப்ராக்ஸி விவரத்தைத் தேடும். பதில் வராவிட்டால் அதற்காகக் காத்திருக்கும். ஆஃப் செய்து ப்ரவுசரை மூடித் திறந்தேன், வெள்ளைத் திரை போயே போச்சு. அப்பாடா!

ஆபீஸ் லேப்டாப் என்றால் ஐடி ஆட்களிடம் கேட்டுவிட்டு அணையுங்கள். அங்கே ப்ராக்ஸி நிஜமாகவே இருக்கலாம்.