டிக்காலை எந்த வரிசையில் பார்ப்பது

குவாத்தமாலாவின் பேட்டேன் காட்டில் இருக்கும் பழைய மாயா நாகரிக நகரமான டிக்காலுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் நேராகப் பெரிய சதுக்கத்துக்குத்தான் நடக்கிறார்கள். படங்களில் பார்த்த முதலாம் கோயில் அங்கேதான் இருக்கிறது. நானும் முதல் நாள் அப்படித்தான் போனேன். மறுநாள் அப்பாவோடு வரிசையை மாற்றி நடந்தபோதுதான் அந்த மாயா நகரம் எனக்குப் பிடிபட்டது.

ஃபுளோரஸ் தீவில் தங்கினால் வேனிலேயே ஒன்றரை மணி நேரம் போய்விடும். டிக்கால் தேசியப் பூங்காவுக்குள்ளேயே விடுதிகள் உண்டு. ஓர் இரவாவது அங்கே தங்குங்கள். செலவுக்கான கெட்சால் நோட்டுகளை ஃபுளோரஸிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். சீட்டு வாங்கும்போது எங்களிடம் பாஸ்போர்ட் கேட்டார்கள், அதுவும் கையில் இருக்கட்டும். முழுக்கைச் சட்டை, கொசு மருந்து, ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், நல்ல பிடிப்புள்ள காலணி போதும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை பாதை காய்ந்திருக்கும். மழைக்காலத்தில் சுண்ணாம்புக்கல்லில் பாசி படர்ந்து மோசமாக வழுக்கும்.

காலை 6 மணிக்குக் கதவு திறந்ததும் சதுக்கத்துப் பக்கம் திரும்பாமல் நான்காம் கோயிலுக்கு நடங்கள். வழியில் தலைக்கு மேலே ஏதோ பெரிய மிருகம் உறுமுவதுபோலக் கேட்கும். பயப்படாதீர்கள், ஊளைக் குரங்குகள்தான். அப்பா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். சிறிது நேரம் அசையாமல் நின்றால் கிளைகளுக்கு நடுவே அவை கண்ணில் படும்.

நான்காம் கோயில் ஏறத்தாழ 65 மீட்டர் உயரம், கி.பி. 741-ஐ ஒட்டி எழுந்தது. பக்கவாட்டில் மரப்படிகள் போட்டிருக்கிறார்கள். மூட்டுவலி உள்ளவர்களை வற்புறுத்தாதீர்கள். ஏறுவதைவிட இறங்குவது கடினம். அப்பா கீழேயே உட்கார்ந்துவிட்டார். மேலே போனால் அடிவானம் வரை பச்சை. அதில் மூன்று கோயில்களின் முடிகள் மட்டும் தலைநீட்டி நிற்கும். இங்கே வாசல்களுக்கு மேல் குறுக்குக் கட்டையாக வைத்தது சப்போட்டா மரத்தை. மன்னனின் உருவம் செதுக்கிய கட்டைகளைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள், இப்போது ஸ்விட்சர்லாந்தின் பாசெல் நகரில் இருக்கின்றன. ஆயிரம் ஆண்டுக்கு மேல் இந்த மழைக்காட்டின் ஈரத்தைத் தாங்கிய மரம் அது. அங்கே நின்றபோது அந்த வெறுமை எனக்கு வலித்தது.

இந்தக் கோயிலைக் கட்டிய மன்னன் யிக்கின் சான் காவீல். எதிரே, கிழக்கில் முடி தெரிகிறதே, அந்த முதலாம் கோயிலுக்கு அடியில் புதைக்கப்பட்டவர் அவனுடைய தந்தை ஹசாவ் சான் காவீல். நூறு ஆண்டுக்கு மேல் தலைகுனிந்து கிடந்த டிக்காலில் 682-இல் அரியணை ஏறி, 695-இல் வலிமைமிக்க எதிரி நகரமான கலாக்முலைத் தோற்கடித்தவர். ஆகவே மகன் கட்டியதிலிருந்து தந்தையின் சமாதியை நோக்கி நடங்கள்.

இடையில் ‘மறைந்த உலகம்’ எனப்படும் பகுதியும் ஐந்தாம் கோயிலும் வரும். வெயில் ஏறும் நேரம் என்பதால் நிழலில் நின்று நின்று பாருங்கள். நடக்கும்போது தரையையும் கவனியுங்கள். இந்த நகரத்துக்கு ஆறு கிடையாது. சதுக்கங்களுக்குச் சுண்ணாம்புச் சாந்து பூசி, சரிவாக அமைத்து, மழைநீரைத் தேக்கங்களுக்குத் திருப்பினார்கள். இன்று புதர் மண்டிய பள்ளமாகத் தெரிவதெல்லாம் அந்தத் தேக்கங்களாக இருக்கலாம். வழிகாட்டியிடம் கேட்டால் காட்டுவார். பலரும் இதைக் கேட்பதே இல்லை. எனக்கோ கோபுரங்களைவிட இதுவே பெரிய சாதனையாகத் தெரிந்தது.

பெரிய சதுக்கத்துக்குப் பிற்பகல் மூன்று மணிக்குமேல் வந்து சேருங்கள். முதலாம் கோயில் மேற்கு பார்த்தது. காலையில் அதன் முகம் நிழலில் இருக்கும், மாலை வெயில் நேராக விழும்போதுதான் படி படியாகத் தெரியும். அதில் ஏற அனுமதி இல்லை. எதிரே இருக்கும் இரண்டாம் கோயிலின் மரப்படியில் ஏறி உட்கார்ந்து பாருங்கள். அன்று அப்பாவும் மெதுவாக ஏறி வந்தார். கீழே புல்வெளியில் ரக்கூன் இனத்தைச் சேர்ந்த நீள்மூக்குக் கோவாட்டிகள் கூட்டமாக மேயும். அவற்றுக்கு எதையும் தின்னக் கொடுக்காதீர்கள்.

பூங்கா 6 மணிக்கு மூடும். மரங்களுக்கு அடியில் அதற்கு முன்பே இருட்டிவிடும். நாங்கள் ஐந்து மணிக்குக் கிளம்பியும் கடைசித் தூரத்துக்கு டார்ச் தேவைப்பட்டது.