வரைய ஆசை, நேரம்தான் இல்லை: எங்கே தவறுகிறோம்?

'ஞாயிற்றுக்கிழமை நிம்மதியா உட்கார்ந்து வரையலாம்' என்று தள்ளிப்போடுவதுதான் முதல் தவறு. வேலைக்குப் போகிறவர்களுக்கு ஞாயிறு எப்படிப் போகும்? காலையில் கறிக்கடை, அப்புறம் ஒரு வாரத்துத் துணி, நடுவில் யார் வீட்டிலாவது காதுகுத்து. அந்த ஒரு நாளை நம்பாமல், வாரநாட்களில் இரண்டு மூன்று முறை இருபது நிமிடம் ஒதுக்க முடியுமா என்று பாருங்கள்.

இருபது நிமிடத்தில் என்ன வரைய முடியும் என்பது கையில் எடுக்கும் வண்ணத்தைப் பொறுத்தது. பலர் இடறுவது இங்கேதான். ஆயில் பெயின்ட் காயவே நாள்கணக்காகும். அதைக் கரைக்கும் டர்பன்டைன் வாடை வேறு. அக்ரிலிக் சட்டென்று காயும், அதுவே தொல்லை. தட்டில் பிழிந்தது ஒருமுறை காய்ந்தால் பிளாஸ்டிக் மாதிரி இறுகிவிடும், தண்ணீருக்குக் கரையாது. நடுவில் யாரோ காலிங் பெல் அடித்து, நீங்கள் எழுந்து போய் அரை மணி நேரம் பேசிவிட்டு வந்தால் பிரஷ்ஷும் போச்சு. அடிக்கடி எழுந்து போக வேண்டிய வீட்டுக்கு வாட்டர்கலர்தான் சரி. டியூப் வண்ணத்தைச் சின்ன டப்பாவின் குழிகளில் பிழிந்து அப்படியே காயவிடுங்கள். எத்தனை நாள் கழித்து வந்தாலும் ஈரப் பிரஷ்ஷால் தொட்டால் கரையும். கழுவ வேண்டியது பிரஷ் மட்டும்தான்.

தாளில் மிச்சம் பிடிப்பதும் தவறு. பள்ளிக்கூட டிராயிங் நோட்டில் தண்ணீர் பட்டதும் தாள் நெளிகிறது, வண்ணம் குழியில் தேங்குகிறது. 'எனக்குக் கை வரலை' என்று பலர் விட்டுவிடுவது இதைப் பார்த்துத்தான். குற்றம் கையில் இல்லை, தாளில். 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாள் 300 கிராம் எடை, அதாவது நல்ல தடிமன்) வாட்டர்கலர் தாள் ஒன்று வாங்குங்கள். 22க்கு 30 அங்குல முழுத் தாளை நீளவாக்கில் நாலு, அகலவாக்கில் நாலு என்று சமமாக வெட்டினால் 16 துண்டு வரும். அந்த அளவில் ஒரு முருங்கைக்காயையோ வாசல் செருப்பையோ இருபது நிமிடத்தில் வரைந்து முடித்துவிடலாம். வாங்கியதைப் பரணில் ஏற்றிவிடாதீர்கள். டப்பா, பிரஷ், தாள் மூன்றும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

யூடியூபில் மணிக்கணக்காகப் பாடம் பார்ப்பதையும் வரைந்த கணக்கில் சேர்க்க வேண்டாம்.

'இனிமேல் தினமும் ஒரு படம்' என்ற சபதம் இன்னொரு தவறு. ஜேக் பார்க்கர் என்ற ஓவியர் 2009இல் தொடங்கிய இங்க்டோபர் என்ற ஓவியச் சவாலில் அக்டோபரின் 31 நாளும் மையில் வரைய வேண்டும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் வரையலாம், வாரம் ஒன்றே வரையலாம் என்று அவரே வழி சொல்லியிருக்கிறார். தினசரி சபதம் எடுத்தவர் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த இரண்டு நாளில் விட்டுவிடுவார். வாரம் இரண்டு என்று வைத்தவருக்கு அது ஒரு தடையே இல்லை.

வீட்டில் சொல்லாமல் வரைய உட்காருவதுதான், என்னைக் கேட்டால், எல்லாவற்றிலும் பெரிய தவறு. குறிப்பாகப் பெண்களுக்கு. 'சும்மாதானே உட்கார்ந்திருக்கே, பாலைக் கொஞ்சம் பாத்துக்கோ' என்ற குரல் வரும். ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தால் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. 'செவ்வாயும் வெள்ளியும் எட்டரையிலிருந்து ஒன்பது வரை நான் வரைவேன், அதுவரை அடுப்பை நீங்க பாத்துக்கோங்க' என்று நேரத்தோடு சொல்லிவிடுங்கள். முதல் சில வாரம் முணுமுணுப்பு இருக்கும். அதற்காக எழுந்து போய்விடாதீர்கள். அந்த நேரம் உங்களுக்கு நியாயமாகச் சேர வேண்டியது.

நாலு படம் நன்றாக வந்ததும், 'வித்தா காசு வருமே' என்பார்கள். உடனே ஆர்டர் எடுக்காதீர்கள். கேட்டவருக்குப் பிடித்த பிள்ளையார், கேட்ட அளவு, கேட்ட தேதி என்று ஆகிவிட்டால் அந்த இருபது நிமிடமும் இன்னொரு வேலை ஆகிவிடும். விற்க ஆசை இருந்தால், உங்களுக்காக வரைந்து முடித்த படங்களிலிருந்து கொடுங்கள்.