வீட்டைக் காலி பண்ணச் சொன்னால்: கொழும்புத் தோட்டத்துக் குடும்பங்கள் செய்யவேண்டியவை

கொழும்பில் தோட்டம் என்றால் ஒழுங்கையோடு நெருங்கிக் கட்டிய சின்ன வீடுகளின் குடியிருப்பு. எங்கள் தோட்டத்தில் காணி அளவெடுக்க வந்தவர்கள் எங்கள் சுவரில் சிவப்பு மையால் ஓர் இலக்கம் எழுதிவிட்டுப் போன அன்று ஒழுங்கையில் பாதி வீடுகளில் உலை வைக்கவில்லை. இரவு எல்லாரும் வாசலில் இருந்து பேசியபோதுதான் தெரிந்தது, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு கதை சொல்லியிருக்கிறார்கள்.

ஆகவே முதல் விசயம், தனியாக எதிலும் கையெழுத்து வைக்காதீர்கள். வருகிறவரிடம் கடிதத்தை வாங்குங்கள், தமிழில் இல்லாவிட்டால் தமிழில் கேளுங்கள், "தோட்டத்தில் பேசிவிட்டுச் சொல்கிறோம்" என்று மரியாதையாக அனுப்பிவிடுங்கள்.

அடுத்தது பழைய கடதாசிகள். காணி உறுதி, வாடகைத் துண்டு, மாநகர சபை வரி ரசீது, வாக்காளர் இடாப்பு, பிள்ளையின் பள்ளிக்கூட அனுமதிக் கடிதம், அம்மா பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருக்கும் எண்பதுகளின் லைட் பில் கூட. எல்லாவற்றையும் போட்டோ கொப்பி எடுத்து, ஒரு செட்டைத் தோட்டத்துக்கு வெளியே உள்ள சொந்தக்காரர் வீட்டில் வையுங்கள். 2010 மே மாதம் கொழும்பு கொம்பனித்தெரு மியூஸ் வீதியில் வீடுகளை இடித்ததை நாங்கள் மறக்கவில்லை. இடிக்கிற நாளில் டின் தேட நேரம் இருக்காது.

பிறகு எந்தச் சட்டத்தின் கீழ் கேட்கிறார்கள் என்று பாருங்கள், இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். உறுதிக் காணி என்றால் 1950ஆம் ஆண்டின் காணி எடுத்தல் சட்டம் வரும். 4ஆம் பிரிவு அறிவித்தல் வந்தால் ஆட்சேபனை எழுத குறைந்தது 14 நாள் தரவேண்டும், அதை எழுத்தில் கொடுத்துப் பிரதியில் சீல் வாங்குங்கள். 38ஆம் பிரிவில் அவசரம் என்று சொல்லி நட்டஈட்டுக்கு முன்பே காணியை எடுக்கலாம், அதனால் அந்த இலக்கத்தைக் கண்டால் அன்றைக்கே வக்கீலிடம் ஓடுங்கள். காசில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. அரச காணி என்றால் இன்னும் கடினம். 1979ஆம் ஆண்டின் அரச காணி (உடைமை மீளப்பெறல்) சட்டத்தில் வழக்குப் போட்டால், செல்லுபடியாகும் எழுத்துமூல அனுமதி உண்டா என்பதைத்தான் நீதவான் முக்கியமாகப் பார்ப்பார். எத்தனை தலைமுறை இருந்தோம் என்பது அங்கே எடுபடாது.

தகவல் உரிமைச் சட்டத்தின் (2016) கீழ் திட்ட வரைபடம், குடும்பப் பட்டியல், மாற்று வீட்டின் சதுர அடி, மாதக் கட்டணம் எல்லாம் கேளுங்கள். 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று சொல்லவேண்டும். உரிமையை மீறினார்கள் என்று உயர் நீதிமன்றத்தில் போடும் அடிப்படை உரிமை மனுவுக்கு, அது நடந்த நாளிலிருந்து ஒரு மாதம்தான். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. திகதியைக் கலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.

கூட்டம் போடுவதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் மற்றதெல்லாம் இதில்தான் நிற்கிறது. அமெரிக்காவில் பிலடெல்பியா சைனாடவுன்காரர்கள் ஒன்றாக நின்று 2000இல் பேஸ்பால் மைதானத்தை எதிர்த்தார்கள், பிறகு சூதாட்ட விடுதியை, 2022இல் அறிவித்த கூடைப்பந்து அரங்கை. 2024 டிசம்பரில் நகர சபை அரங்குக்கு அனுமதியே கொடுத்துவிட்டது, ஆனாலும் 2025 ஜனவரியில் அந்தக் கூடைப்பந்து அணியின் உரிமையாளர்கள் அதைக் கைவிட்டார்கள். சான் பிரான்சிஸ்கோவில் இன்டர்நெஷனல் ஹோட்டலில் இருந்த பிலிப்பீனோ, சீன முதியவர்கள் சுமார் ஒன்பது வருடம் தாக்குப்பிடித்தும் 1977இல் வெளியேற்றப்பட்டார்கள். ஆனால் சும்மா விடவில்லை, 2005இல் அதே இடத்தில் முதியோருக்கான மலிவு வீடுகள் எழும்பின. அந்தப் பொறுமை நமக்கும் வேண்டும்.

நம் தோட்டத்தில் தமிழ், சிங்களம், மலாய், முஸ்லிம் குடும்பங்கள் கலந்திருக்கும், கூட்டத்தைத் தமிழ், சிங்களம் இரண்டு மொழியிலும் நடத்துங்கள். வாடகைக்கு இருப்பவர்களைக் கட்டாயம் கூப்பிடுங்கள், பட்டியலில் முதலில் விடுபடுவது அவர்கள்தான். பேச மூன்று பேரை விடுங்கள், ஒருவர் கட்டாயம் பெண். அதிகாரி வாயால் சொன்ன வாக்குறுதியை அன்றிரவே கடிதமாக எழுதி, எல்லாரும் கையெழுத்து வைத்து, பதிவுத் தபாலில் அனுப்புங்கள், ரசீதையும் அந்த பிஸ்கட் டின்னிலேயே போடுங்கள்.